ஐந்தாம் குழியில் ஆறு

"மேற்படி அட்டைகளில் அத்தாட்சி ஆட்டக்காரரின் கையொப்பம் இல்லாததால், அவற்றை ஹேண்டிகேப் கணக்கில் சேர்த்துக்கொள்ள இயலாது என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்."

இந்த வாக்கியத்தை ஏழு ஆண்டுகள், மாதம் ஒருமுறை, ஒரே பெண்மணிக்குத் தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறேன். ஒருமுறை மட்டும் பதில் வந்தது. "என் கவனம் மேலானது அல்ல, சாதாரணமானது. மற்றபடி கடிதம் சரி." அதன் மீதும் வரவு முத்திரை குத்திக் கோப்பில் சேர்த்தேன்.

எழுபதுகளில், போடிமெட்டுக்குச் சற்றுக் கீழே ஏலத்தோட்டக்காரர்கள் நடத்திய கிளப் ஒன்றுக்கு நான் அலுவலகச் செயலாளர். திங்கட்கிழமை காலை ஜீப்பில் மேலே போவேன், சனிக்கிழமை மாலை போடிக்கு இறங்குவேன். அதற்கு முன் தாலுகா அலுவலகத்தில் பதினோரு ஆண்டுகள் எழுத்தர். அங்கிருந்து நான் மலைக்குக் கொண்டுபோனது ஒரே ஒரு பழக்கம்: உள்ளே வரும் எந்தத் தாளையும் தேதி முத்திரை குத்தாமல், பதிவேட்டில் ஏற்றாமல் விடமாட்டேன். சமையல்காரர் கொடுத்தனுப்பிய 'கோழி ஆறு, இஞ்சி கொஞ்சம்' என்ற சீட்டுக்கும் வரவு எண் உண்டு. உறுப்பினர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களே பிறகு தாங்கள் எழுதிய கடிதத்தைத் தேடி என்னிடம்தான் வந்தார்கள்.

அந்தப் பெண்மணி பக்கத்துத் தோட்ட ஆஸ்பத்திரியின் டாக்டர். ஐம்பதை ஒட்டிய வயது. ராசிங்காபுரத்தில் நிலபுலன் உள்ள குடும்பம். மணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் "கேட்டு வந்தவங்களை எனக்குப் பிடிக்கலை, எனக்குப் பிடிச்சவங்க கேட்கலை" என்று சொல்லிவிடுவாராம். அப்படிச் சொன்ன பிறகு யாரும் மேற்கொண்டு கேட்க முடியாது. கல்யாணப் பத்திரிகை வைத்தால், "வரமாட்டேன், விருப்பமில்லை, தம்பதிகள் நன்றாக இருக்கட்டும்" என்று அஞ்சலட்டையில் எழுதிவிடுவார். உடம்பு சரியில்லை, வேலை இருக்கிறது என்ற வழக்கமான பொய்களை அவர் யாருக்கும் செலவழித்ததாகத் தெரியவில்லை. இதனால் அவரைப் பலருக்குப் பிடிக்காது. எனக்கும் பல நாள் பிடித்ததில்லை.

கிளப்புக்கு ஒன்பது குழிகள் கொண்ட கோல்ஃப் மைதானம் இருந்தது. மைதானம் என்பது மரியாதைச் சொல். ஏலச்செடிக்கு ஒத்துவராத ஒரு சரிவைப் புல்லோடு விட்டிருந்தார்கள். குழிகளைச் சுற்றி நல்ல புல் வளர்க்க முடியாததால், மணலில் கழிவு எஞ்சின் எண்ணெயைக் கலந்து வட்டமாகப் பரப்பியிருந்தார்கள். அதற்கு 'பிரவுன்' என்று பெயர். நடந்தால் பாதம் பதியும். ஆடி முடித்தவர் கோணிச்சாக்கை இழுத்து, தன் காலடியைத் தானே அழித்துவிட்டுப் போக வேண்டும். ஆண்கள் அதைச் செய்ததில்லை. டாக்டர் தன்னுடையதையும் அழிப்பார், முன்னால் போனவர்களுடையதையும் அழிப்பார்.

பெண்களுக்குப் புதன்கிழமை பிற்பகல் ஒதுக்கப்பட்டிருந்தது. தோட்ட மேலாளர்களின் மனைவிமார் அன்றைக்கு வந்து வராந்தாவில் சீட்டு ஆடுவார்கள், தேநீர் குடிப்பார்கள், மழை வரும்போல் இருக்கிறது என்று ஜீப்பில் ஏறிப் போவார்கள். டாக்டருக்கும் புதன் பிற்பகல்தான் வார அரைநாள் விடுப்பு. அவர் தனியாக ஆடுவார். முன்பு ஆஸ்பத்திரியில் இருந்த வெள்ளைக்கார டாக்டர் விட்டுப்போன நான்கு மட்டைகள், அவற்றைப் போட்டுத் தோளில் மாட்ட ஆஸ்பத்திரி ரப்பர் ஷீட்டில் தைத்த பை, முழங்காலுக்குக் கீழே செருகிய சேலை, கான்வாஸ் ஷூ. பை தூக்க ஆள் வைத்துக்கொள்ளவில்லை.

ஹேண்டிகேப் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒருவர் எவ்வளவு மோசமாக ஆடுவார் என்பதற்குக் கிளப் தரும் சான்றிதழ் அது. கோல்ஃபில் அடிகள் குறைந்தால் நல்லது, கூடினால் கெட்டது. நீங்கள் சராசரியாக எத்தனை அடி கூடுதலாக அடிக்கிறீர்களோ, அந்த எண்ணைப் போட்டியன்று உங்கள் மொத்தத்திலிருந்து கழித்துக்கொள்வார்கள். ஆகவே எங்கள் உறுப்பினர்களில் பாதிப் பேர், குறைந்த எண் கௌரவம் என்று நல்ல ஆட்டங்களின் அடிக்கணக்கு அட்டையை மட்டும் கொடுப்பார்கள். மீதிப் பேர், கூடிய எண் இருந்தால் கோப்பை கிடைக்கும் என்று கெட்ட ஆட்டங்களின் அட்டையை மட்டும் கொடுப்பார்கள். எல்லா அட்டைகளிலும் கூட ஆடியவரின் அத்தாட்சிக் கையொப்பம் முறையாக இருக்கும். ஒருவருக்கொருவர் போட்டுக்கொள்வார்கள். விதிப்படி அவற்றை நான் ஏற்றுக்கொண்டேன்.

டாக்டர் ஆடிய ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அட்டை கொடுத்தார். நல்லது, கெட்டது, மழையில் பாதியில் விட்டது, எல்லாம். தனியாக ஆடியவருக்கு அத்தாட்சி சொல்ல யார் இருக்கிறார்கள்? விதிப்படி அவற்றை நான் ஏற்கவில்லை, கோப்பில் மட்டும் சேர்த்தேன்.

பெண்களுக்கு உச்ச வரம்பு முப்பத்தாறு. அதற்குள் வந்தால் வராந்தாச் சுவரில் தொங்கும் பலகையில் பெயர் ஏறும், கிளப் போட்டிகளில் ஆடலாம். பலகையில் பெண்கள் பகுதி என்று ஒன்று இருந்தது. தலைப்பு மட்டும் வெள்ளை எழுத்தில் இருந்தது.

என் மேசை சன்னலோரம். அங்கிருந்து இரண்டாம் குழியின் தொடக்கம் தெரியும். ஒருநாள் தலை நிமிர்ந்தபோது அவர் மட்டையை வீசினார். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. காற்றைத்தான் அடித்திருக்கிறார். சுற்றிலும் ஒரு காக்கை கூட இல்லை. நான் பார்ப்பது அவருக்குத் தெரிய வழியில்லை. அவர் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இடுப்பிலிருந்து பென்சிலை எடுத்து, நுனியை நாக்கில் தொட்டு, அட்டையில் ஒரு கோடு போட்டார். அதற்குப் பிறகுதான் பந்தை அடித்தார். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் ஊதாப் பென்சில் அது. ஈரம் பட்டால் மையாகிவிடும், அழிக்க முடியாது.

அந்த மாதமும் மறுப்புக் கடிதம் அனுப்பினேன். சன்னல் வழியாகப் பார்ப்பது அத்தாட்சி ஆகாது.

அலுவலகச் செயலாளர் என்ற முறையில் நானும் கிளப் உறுப்பினன்தான். கூட நடந்து கையெழுத்துப் போட எனக்கு உரிமை உண்டு. அவருக்கும் அது தெரியும். ஒரே ஒரு தடவை கேட்டார்.

"செக்ரட்டரி சார், ஒரு மூணு புதன்கிழமை எங்கூட நடந்தீங்கன்னா மூணு அட்டை தேறும். மூணு இருந்தாப் போதும்ல?"

"அது ஆபீஸ் நேரம் டாக்டர்."

"ஆமா, ஆபீஸ் நேரந்தான்" என்று ஒப்புக்கொண்டு போய்விட்டார். நான் சொன்னது உண்மைதான். அந்த அலுவலக நேரத்தில் நான் செய்த வேலைகளில் ஒன்று, அவருக்கு மறுப்புக் கடிதம் தட்டச்சு செய்வது.

ஆஸ்பத்திரியிலும் அவர் இப்படித்தான் என்று கேள்விப்பட்டேன். நோயாளிகளின் குறிப்பேட்டில் 'என் கணிப்பு தவறு' என்று சாதாரணமாக எழுதுவார். ஒருமுறை ஒரு கிழவருக்கு மருந்தின் அளவைக் கூட்டிக் கொடுத்துவிட்டு, கிழவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகும், மறுநாள் காலையில் தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்து வீட்டுக்கே நடந்துபோய், "தாத்தா, நேத்து நான் கொடுத்தது தப்பு" என்று சொல்லிவிட்டு வந்தார். தகவல் அரைமணி நேரத்தில் மலை முழுக்கப் பரவியது. தொழிலாளிகள் கம்பவுண்டரிடம் போகத் தொடங்கினார்கள். கம்பவுண்டர் தவறே செய்யாதவர். எதையும் எழுதிவைக்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

இனி யானை விதி. தேவாரம் பக்கத்துக் காட்டிலிருந்து யானைகள் சில மாதங்களில் எங்கள் சரிவைக் கடந்து போகும். மழைக்காலத்தில் யானையின் காலடி என்பது அண்டா அளவுப் பள்ளம். பந்து அதற்குள் விழுந்தால் தேவேந்திரனாலும் அடிக்க முடியாது. ஆகவே கிளப்புக்கென்று ஒரு தனி விதி இயற்றினோம். எழுதியவன் நான். "யானையின் காலடிப் பள்ளத்தில் கிடக்கும் பந்தை அபராதமின்றி வெளியே எடுத்துவைத்து ஆடலாம்." வாக்கியத்தில் ஓட்டை இல்லை என்று பெருமைப்பட்டேன்.

ஒரே வாரத்தில் டாக்டரிடமிருந்து கடிதம். "காட்டுமாட்டுக் குளம்புப் பள்ளம் இதில் அடங்குமா?"

கிளப்பின் நிர்வாகக் குழு கூடி விவாதித்தது. யானை பெரியது, காட்டுமாடு சிறியது, ஆகவே அடங்காது என்று முடிவானது. எழுதி அனுப்பினேன். அடுத்த வாரம் இன்னொரு கடிதம். "மழையில் கரைந்த பள்ளம் யானையுடையதா காட்டுமாட்டுடையதா என்று தெரியாதபோது?" குழு சிரித்தது. "ஆட்டக்காரர் தம் மனச்சாட்சிப்படி முடிவு செய்யலாம்" என்று எழுதச் சொன்னார்கள். எங்கள் உறுப்பினர்களின் மனச்சாட்சிக்கு அதன்பின் எல்லாப் பள்ளமும் யானைப் பள்ளமாகவே தெரிந்தது. பெருச்சாளி வளையில் விழுந்த பந்தைக்கூட ஒருவர் யானைக் கணக்கில் எழுதினார்.

டாக்டரை ஜீப் நிற்கும் இடத்தில் பார்த்தபோது கேட்டேன். "நீங்க எப்படி எழுதுறீங்க?"

"எது?"

"பள்ளம். எதுன்னு தெரியலேன்னா?"

இதென்ன கேள்வி என்பதுபோல் பார்த்தார். "தெரியலேன்னா எனக்கு எதிராத்தான எழுதணும்?"

இனி அந்தப் புதன்கிழமை. ஐப்பசி மழை விட்டும் விடாமலும் இருந்த மாதம். மொக்கையன் என்ற தொழிலாளியை ஏலக்காட்டில் விரியன் கடித்துவிட்டது. வலது கை. அவனுடைய மச்சினன் காத்தையன் தோளில் போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவந்தான். டாக்டர் இல்லை. கோல்ஃப் ஆடுகிறார் என்று கம்பவுண்டர் சொன்னார். டாக்டர் எப்போதும் போகுமிடத்தைச் சொல்லிவிட்டுப் போகிறவர். விடுப்பில் இருக்கிறவர் அதற்குமேல் செய்ய வேண்டியது ஒன்றும் விதியில் இல்லை. காத்தையன் மைதானத்துக்கு ஓடினான். பனிமூட்டம் இறங்கி, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கத்திக்கொண்டே தேடினான். கண்டுபிடித்துக் கூட்டிக்கொண்டு போனபோது நேரமாகியிருந்தது. உயிர் பிழைத்தது. இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

ஏலக்காய் பறிப்பது விரல்களின் வேலை. விரல் போனவனைத் தோட்டம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு நடைமுறை இருந்தது. ஆஸ்பத்திரியில் சிகிச்சை தாமதமானது என்றால் வேறு இலகுவான வேலை கொடுத்து லயத்து வீட்டில் வைத்துக்கொள்வார்கள். அவனே தாமதமாக வந்தான் என்றால் வேலையும் இல்லை, வீடும் இல்லை. மொக்கையனுக்கு மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள்.

தோட்டத்தின் அறிக்கை சுருக்கமாக இருந்தது. பாம்பு கடித்ததும் மந்திரிக்கப் போய்விட்டார்கள், ஆஸ்பத்திரிக்கு வந்தது நாலே முக்கால், டாக்டர் உடனே பார்த்தார். இதில் 'உடனே' என்ற சொல் டாக்டரையும் காப்பாற்றியது. தொழிலாளர் துறையிலிருந்து ஓர் அதிகாரி விசாரணைக்கு வருவதாகக் கடிதம் வந்தது.

விசாரணைக்கு முந்தைய வாரம் தோட்டத்தின் மேலாளர் என் அறைக்கு வந்தார். அவர்தான் அந்த ஆண்டு கிளப்பின் தலைவரும். மோசமான மனிதர் என்று சொல்ல மாட்டேன். அறிக்கைகளைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர், அவ்வளவுதான்.

"அந்தம்மா அட்டை ஃபைல்ல ஒண்ணு ஏழாம் குழியோட நிக்குதாமே?"

"இருக்கு சார்."

"அதுல என்னய்யா எழுதியிருக்கு?"

எடுத்துக் காட்டினேன். தனியாக ஆடுகிறவர் தொலைந்த பந்தை ஐந்து நிமிடத்துக்கு மேல் தேடக் கூடாது என்பதையும் தனக்குத்தானே கண்காணிக்க வேண்டும். டாக்டர் கைக்கடிகாரத்தைத் தினமும் காலையில் ரேடியோவோடு சரிபார்ப்பவர். அட்டையின் ஓரத்தில், ஏழாம் குழிக்கு நேரே எழுதியிருந்தார்: "தேடல் 4.22. பந்து தொலைந்தது 4.27. காத்தையன் வந்தான் 4.31. ஆட்டம் நிறுத்தம்."

மேலாளர் இரண்டு தடவை படித்தார். நாலே முக்காலுக்கு வந்த நோயாளிக்காக டாக்டரைக் கூப்பிட நாலு முப்பத்தொன்றுக்கே ஒருவன் போய்ச் சேர்ந்திருக்க முடியாது. அதுவும் தேடித் திரிந்த பிறகு.

"எடுத்துரும்" என்றார்.

"வழியில்லை சார். வரவு முத்திரை விழுந்திருச்சு."

"நீர்தான்யா மாசாமாசம் செல்லாது செல்லாதுன்னு லெட்டர் போடுறவரு?"

"ஹேண்டிகேப்புக்குச் செல்லாது சார். ஃபைல்ல இருக்கிறதுக்குச் செல்லும்."

"அந்தம்மாவக் காப்பாத்தத்தான்யா சொல்றேன். நாளைக்கு அதுக்குத்தான் வேலை போகும்."

"பத்து வருஷம் வச்சிருக்கணும் சார். அப்புறம் அழிக்கலாம். பதிவு பண்ணிட்டு."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் வெறுப்பைவிடக் களைப்பே அதிகம். நான் வீரன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பதிவேட்டில் ஏறிய தாளை எடுப்பது எப்படி என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது. அதற்கான படிவம் எதுவும் இருந்ததில்லை.

அடுத்த நாள் டாக்டர் வந்தார். அந்த அட்டையின் உண்மை நகல் ஒன்று வேண்டும், விசாரணையில் கொடுப்பதற்காக என்று மனு எழுதியிருந்தார்.

"செல்லாத அட்டைக்கு நகல் தர விதி இருக்கா செக்ரட்டரி சார்?"

"அட்டைதான் செல்லாது டாக்டர். நகல் செல்லும்."

அவர் சிரித்தார். ஏழாண்டில் நான் பார்த்த ஒரே சிரிப்பு. அன்று மாலையே நகலெடுத்து, 'அசலுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்ட உண்மை நகல்' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அவருடைய அட்டையில் உள்ள எதற்கும் கீழே நான் என் கையெழுத்தைப் போட்டது அதுதான் முதல் தடவை.

விசாரணை தோட்ட அலுவலகத்தில் நடந்தது. மதுரையிலிருந்து வந்த அதிகாரி ஒல்லியான மனிதர். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தியெடுத்த களைப்போடு எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் மேலாளரும் கம்பவுண்டரும். மறுபக்கம் கையில் கட்டோடு மொக்கையன், காத்தையன். நகலை வாசிக்க நான்.

காத்தையன் சாட்சி சொன்னான். "நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் சார் கொண்டாந்தோம். எந்தக் கோடங்கிகிட்டயும் போகல. ஒரே மஞ்சு. அஞ்சு குழிக் கொடியப் பாத்துட்டேன், ஒண்ணுலயும் அந்தம்மா இல்ல."

கம்பவுண்டர், தான் நாலே முக்கால் என்று சொன்னதே சரி என்றார். கடிகாரம் இல்லாதவன் பேச்சை எடுத்துக்கொள்ளக் கூடாது என்றார் மேலாளர். அதிகாரி என் நகலை எடுத்தார். முதல் குழியிலிருந்து வரிசையாக வாசிக்கச் சொன்னார். கோல்ஃப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது, ஆனால் எந்தத் தாளையும் மேலிருந்து கீழாகப் படிப்பவர். அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது.

"ஐந்தாம் குழி, ஐந்து" என்று வாசித்தேன்.

"ஆறு" என்றார் டாக்டர்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"நகல்ல தப்பு இருக்கு. ஐந்தாம் குழி ஆறு."

மேலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாத்தீங்களா சார்? நகலே தப்பு. நம்பர் தப்புன்னா நேரம் மட்டும் எப்படிச் சரியா இருக்கும்? மொத்தத்தையும் தள்ளுபடி பண்ணணும்."

நடைமுறைப்படி அவர் சொன்னது சரி. ஓரிடத்தில் பிழையான உண்மை நகல் உண்மை நகல் அல்ல. காத்தையன் பாதி எழுந்து, எல்லோருக்கும் கேட்கும் ரகசியத்தில் கெஞ்சினான். "ஆத்தா, கொஞ்சம் பேசாம இரு ஆத்தா. அஞ்சோ ஆறோ, எங்க சோலி கெட்டுறாம."

"அசல் எங்கே?" என்று கேட்டார் அதிகாரி. கையோடு கொண்டுபோயிருந்தேன். கொடுத்தேன். ஐந்தாம் குழிக்கு நேரே மழைத்துளி விழுந்து ஊதா கலங்கியிருந்தது. நான் ஐந்து என்று படித்தது ஆறாகவும் இருக்கலாம். ஓரத்தில் எழுதிய நேரங்கள் நனையாமல் தெளிவாக இருந்தன. அதிகாரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு டாக்டரிடம் திரும்பினார்.

"ஏம்மா, இந்த ஆட்டத்துல அஞ்சுன்னா நல்லதா, ஆறுன்னா நல்லதா?"

"அஞ்சு."

"அப்ப எதுக்கு ஆறுங்கிறீங்க?"

"ஆறுதான் என் கணக்கு. அடிச்சது அஞ்சு. ஒண்ணு பள்ளத்துக்கு அபராதம்."

"என்ன பள்ளம்?"

"பந்து ஒரு பள்ளத்துல விழுந்துச்சு. யானை கால் வச்ச பள்ளம்னா அபராதம் கிடையாது. காட்டுமாடுன்னா உண்டு. கரைஞ்சு கிடந்துச்சு. எதுன்னு தெரியல."

"தெரியலேன்னா?"

"எனக்கு எதிராத்தான எழுதணும்?"

அதிகாரி எலுமிச்சம்பழத்தை மேசையில் வைத்தார். அசலை இன்னொரு தடவை மேலிருந்து கீழாகப் படித்தார். ஓரத்தில் இருந்த நேரங்களைத் தன் தாளில் எழுதிக்கொண்டார். பிறகு கேட்டார்.

"நீங்க ஒரு அரைமணி முன்னாடி வந்திருந்தா, இவர் விரல் தப்பிச்சிருக்குமா?"

மேலாளர் குறுக்கிட்டார். "அது அவங்க விடுப்பு நேரம் சார். பதில் சொல்லணும்னு அவசியமில்லை." இதுவும் சரியான ஆட்சேபம்தான். விதிப்படி அவர் அந்தக் கேள்விக்கு வாயே திறக்க வேண்டியதில்லை.

"தெரியாது" என்றார் டாக்டர்.

வெறும் 'தெரியாது'தான். ஆனால் தெரியாததை அவர் எந்தப் பக்கம் எழுதுவார் என்று அந்த அறையில் இருந்த எல்லோரும் ஒரு நிமிடத்துக்கு முன்னால்தான் கேட்டிருந்தோம். அதிகாரி அவரை ஏறிட்டுப் பார்க்காமல் எழுதினார். வெகுநேரம் எழுதினார்.

தீர்ப்பு மாத முடிவில் வந்தது. நோயாளி நான்கு மணியை ஒட்டியே கொண்டுவரப்பட்டார், தாமதம் அவருடையதல்ல. மொக்கையனுக்கு ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் நெருப்புப் பார்க்கும் வேலை கிடைத்தது. லயத்து வீடு தப்பியது. டாக்டரின் ஒப்பந்தம் அந்தப் பங்குனியோடு முடிவதாக இருந்தது, முடிந்தது. வேலையைவிட்டு நீக்கினார்கள் என்று சொல்ல முடியாது. புதுப்பிக்கவில்லை. அதற்கும் நடைமுறை உண்டு.

லயத்தில் அவருக்கு வழியனுப்பு விழா எதுவும் நடக்கவில்லை. சில வாரம் கழித்து ஜீப்பில் காத்தையன் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தான். "நல்ல அம்மாதான், இல்லேங்கல. ஆனா ஒரு நம்பருக்காக எங்க மாமனக் குடும்பத்தோட ரோட்டுல நிறுத்தப் பாத்துச்சே! அது என்ன சார் அப்படியொரு கிறுக்கு?" என்று கேட்டான். அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. அன்று அந்த அதிகாரிக்குப் பதில் வேறொருவர் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நானும் யோசித்திருக்கிறேன்.

டாக்டர் தேவாரத்தில் போய்ச் சின்னதாக ஒரு ஆஸ்பத்திரி வைத்ததாகச் சொன்னார்கள். அங்கிருந்து எனக்கு ஒரு அஞ்சலட்டை வந்தது. நலம் விசாரிப்பு இல்லை. "தாங்கள் அளித்த நகலில் ஐந்தாம் குழி இன்னும் திருத்தப்படவில்லை." திருத்திய நகலை எடுத்து, திருத்தத்துக்குப் பக்கத்தில் சுருக்கொப்பமிட்டு அனுப்பினேன். அடுத்த அஞ்சலட்டையில் இரண்டு சொற்கள். "இப்போது சரி."

பத்து ஆண்டுகள் கழித்து, எண்பதுகளின் கடைசியில், நான் ஓய்வுபெறும் முன் பழைய கோப்புகளை அழிக்க வேண்டியிருந்தது. அவருடைய கோப்பின் முறையும் வந்தது. ஒரு மழை நாள், கிளப்பில் யாரும் இல்லை. அட்டைகளை மேசையில் பரப்பினேன். அத்தாட்சி இருந்திருந்தால் என்ன எண் வந்திருக்கும் என்று பார்ப்பதில் விதிமீறல் எதுவும் இல்லை. அலுவலக நேரம்தான், ஆனாலும் கணக்குப் போட்டேன். கடைசி இருபது அட்டைகள், அவற்றில் சிறந்தவை, சராசரி. ஏழாம் குழியோடு நின்ற அட்டை முடிவடையாதது, ஆகவே சேரவில்லை.

சில எண்கள் மழையில் கலங்கியிருந்தன. ஐந்தா ஆறா என்று கண்ணாடி வைத்துப் பார்த்தும் தெரியவில்லை. எல்லாவற்றையும் ஐந்து என்று கொண்டு கூட்டினால் முப்பத்தாறு வந்தது. பெண்கள் பகுதியில் வெள்ளை எழுத்தில் ஒரு பெயர் ஏறியிருக்கும். சாளரத்துக்கு வெளியே இரண்டாம் குழிப் பக்கம் பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது.

தாளைத் திருப்பிப்போட்டு மறுபடி கூட்டினேன். தெரியாத இடங்களில் எல்லாம் ஆறு என்று போட்டேன். முப்பத்தேழு. கோப்பின் மேலட்டையில் அந்த எண்ணை எழுதி, கீழே கையொப்பமிட்டு, அழிக்கும் கட்டில் சேர்த்தேன்.